ஊரெல்லாம் பார்த்த கன்னம்

கடுகு தாளிக்கிற இடத்தில் அவர் நிற்கமாட்டார். படப்பிடிப்பு நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு செய்ய ஸ்டூடியோவின் பின்பக்கம் அடுப்பு மூட்டுவார்கள். எண்ணெய் காய்கிற வாசனை வந்ததுமே, வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விடுவார். “நக்கோ தங்கச்சி, தெறிக்கும்” என்பார். கைக்குழந்தை என்றால் அவருக்கு உயிர். ஆனால் கையை நீட்டி, ஒரு முழம் தள்ளித்தான் தூக்குவார். குழந்தை நகத்தைவிடக் கூரானது உலகத்தில் எதுவுமில்லை என்பது அவர் கட்சி. ஆட்டோவில் வலது ஓரத்தில்தான் உட்காருவார். வெயிலில் துண்டை இடது பக்கமாகச் சரித்துப் போட்டுக்கொள்வார். மாம்பழக் காலம் முழுக்க ஒரு துண்டு மாம்பழம் வாயில் வைக்கமாட்டார், கட்டி கிளம்பிவிடும் என்று.

இத்தனையும் ஒரு இடது கன்னத்துக்காக. அந்தக் கன்னத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் மதுரையிலிருந்து ஹைதராபாத் வந்த புதிது. அமீர்பேட்டையில் ஒரு சந்துக்குள், விளம்பரப் படம் எடுக்கும் சின்னக் கம்பெனியில் வேலை. எல்லாருக்கும் போன் செய்து வரவழைப்பது, வண்டி அனுப்புவது, டீ வந்ததா என்று பார்ப்பது, இதுதான் என் உத்தியோகம். ஷேவிங் ரேசர் ஒன்றுக்குப் பெரிய ஹீரோவை வைத்துப் படம் எடுத்தோம். அந்த மாதிரி விளம்பரங்களில் ஹீரோ கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார், முகவாயைத் தடவிக்கொள்வார், பக்கத்தில் வரும் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நடுவில் திரை முழுக்க ஒரு கன்னம் வரும். வெள்ளை நுரையை ரேசர் வழித்துக்கொண்டு போக, பின்னால் பளபளவென்று ஒரு பாதை விரியும். அது ஹீரோ கன்னம் இல்லை. அதற்கென்று வேறு ஆள் உண்டு. எங்களுக்கு இவர்தான் அந்த ஆள்.

மற்ற நாட்களில் செகந்திராபாத்தில் ரயில்வே பணிமனையில் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசினால் பாதியில், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று உருது எட்டிப்பார்க்கும். அப்போதே நாற்பது வயதிருக்கும். வலது கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மையின் குழிகள். இடது கன்னம் மட்டும் துடைத்துவைத்த பீங்கான்போல இருந்தது. நான் ஆட்களுக்கு அனுப்பும் நேரப்பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ‘இடது கன்னம், காலை ஐந்து மணி’ என்றுதான் இருக்கும்.

ஐந்து மணிக்கு ஏன் என்றால், முதலில் ஒரு நாவிதர் வந்து அவருக்கு முழுக்கச் சவரம் செய்துவிடுவார். கன்னத்தில் ஒரு முடி மிச்சமிருக்காது. பிறகு ஹீரோவின் நிறத்துக்கு இடது பக்கம் மட்டும் மேக்கப். அதன்மேல் நுரை. விளக்குச் சூட்டில் கரையாமல் நிற்க அதில் சோளமாவு கலப்போம். கடைசியாக, ரேசரிலிருந்து பிளேடைக் கழற்றிவிடுவோம். பிளேடு இல்லாத ரேசர், முடி இல்லாத கன்னத்தில், மாவு நுரையை வழிக்கும். அந்தச் ‘சர்ர்’ என்ற சத்தம்கூடப் பிறகு சேர்ப்பதுதான், வாசல் கால்மிதியில் ஒரு விசிட்டிங் கார்டை இழுத்து.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் அந்த மேக்கப்போடுதான் உட்காருவார். இடது பக்கம் ஹீரோ நிறம், வலது பக்கம் சொந்த நிறம். லைட் பையன்கள் ‘ஆதா ஹீரோ’ என்று கூப்பிடுவார்கள், பாதி ஹீரோ. “பாதி ஹீரோவுக்கு முழு அப்பளம் எதுக்கு?” என்று ஒருவன் தட்டிலிருந்து எடுப்பான். அவரும் சிரிப்பார், வலது பக்கமாக.

டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. கன்னத்தில் மட்டும் இழுத்தால் போதாது. தலையை அண்ணாந்து, தொண்டைக்குழியிலிருந்து முகவாய்வரை ஒரே இழுப்பு. முடிவில் மணிக்கட்டை ஒரு திருகுத் திருகி உதற வேண்டும், நுரை காமிராவை நோக்கித் தெறிக்கும். இவர் கையில் ரேசரை வைத்துக்கொண்டு யோசித்தார். இப்படி எவன் சிரைப்பான், அந்தத் திருகுற எடத்துல கிழிச்சிடுமே என்று கேட்டார். அதனால்தானே பிளேடு இல்லை என்றார் டைரக்டர். இவர் போய் விளக்குக்கு நேரே நின்றார். வேலை வேலைதானே. மத்தியானம்வரை இழுத்து இழுத்து உதறினார். அந்த உதறலுக்காகவே அந்தப் படம் பேர் வாங்கியது. அதன்பிறகு வேறு கம்பெனிகள் எடுத்த படங்களிலும் அந்த உதறலைப் பார்த்தேன்.

இதில் அவரிடம் ஒரு வினோதம் இருந்தது. சிரிப்பதா கவலைப்படுவதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த விளம்பரத்தை யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் போய், அது என் கன்னம், அதில் பிளேடு கிடையாது என்று சொல்லிவிடுவார். ஈரானி ஹோட்டலில் டிவியில் வந்தால் எதிர் மேஜைக்காரரிடம். பஸ்ஸில் போகும்போது விளம்பரப் பலகை தெரிந்தால் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரிடம். கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேருக்கு அக்கறையில்லை. வெளியில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். எழுதி வாங்கவே தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவர், வாசலில் நின்ற கூரியர்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் அண்ணே இப்படி, வேலை போயிடுமே என்று கேட்டேன்.

“அது என் கன்னம் தங்கச்சி. அது பொய் சொன்னா நான்தானே வந்து சொல்லணும்? வேற யார் சொல்லுவா?”

கன்னத்துக்கு அடிபடாமல் காப்பதும், கன்னம் செய்ததற்குப் பதில் சொல்வதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கம். அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இப்போதுதான் முழுக்கப் புரிந்தது.

எனக்கு ஒரே மகன். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம், நம்மூர் பிளஸ் டூ, நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். அவன் அப்பா மஸ்கட்டில் வேலை. கச்சிபௌலியில் பதினோராம் மாடியில் நானும் அவனும் மட்டும். போன மாதம் ஒரு வாரம், பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வேறொரு கல்லூரிப் பையன், இப்போது இல்லை. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதே வாரம் என் மகனுக்கு மாதத் தேர்வில் மார்க் மோசம். சாப்பாட்டு மேஜையில் உட்காராமல் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான்.

ஞாயிறு காலை பாத்ரூமில் ஏதோ விழுந்து உருளும் சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். கதவை எப்படித் தட்டினேன் என்று எனக்கு நினைவில்லை, மறுநாள் உள்ளங்கை வீங்கியிருந்தது. அவனே திறந்தான். துண்டைக் கழுத்தோடு அழுத்திப் பிடித்திருந்தான். வெள்ளைத் துண்டு அது. “ஏமி காலேதும்மா” என்றான். ஒன்றும் ஆகவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். பிறகு என்னிடம் வந்தார். ஷேவ் செய்தேன் என்கிறான், இருக்கலாம் என்றார். ஆனால் முதல்முறை ஷேவ் செய்கிற பையன்களுக்கு அங்கங்கே சின்னதாகத்தான் கிழியும், இது கீழிருந்து மேலே ஒரே இழுப்பு, கொஞ்ச நாள் தனியாக விடாதீர்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. தோளைத் தொட்டுத்தான் சொன்னார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். “பையன் சொல்றான்ல, நம்பு” என்றார் அவர். பிறகு, பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடு என்றார்.

அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றினேன். அவனுடைய புது ரேசரை எடுத்து அரிசி டப்பாவின் பின்னால் வைத்தேன். கனமான, பழைய பாணி இரும்பு ரேசர். ஒரே பிளேடு. ஆன்லைனில் அவனே வாங்கியது.

அதன்பிறகு அவன் குளிக்கப் போனால் கதவுக்கு ஒரு வாளியை முட்டுக்கொடுத்துக்கொள்வான். உள்ளே போனதும் பாட ஆரம்பிப்பான், தெலுங்குப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, எதுவும் சுருதியில் இருக்காது. நான் வெளியே நின்று, மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருப்பேன். இத்தனை நாள் பாடாதவன் ஏன் பாடுகிறான் என்று முதலில் விளங்கவில்லை. ஒருநாள் பாட்டு நடுவில் நின்றபோது நான் கதவில் கைவைத்துவிட்டேன். அந்த நொடியே உள்ளேயிருந்து பாட்டுத் தொடர்ந்தது. எனக்காகத்தான் பாடியிருக்கிறான்.

அந்த நாட்களில்தான் அந்தக் கன்னத்துக்காரர் நினைவு வந்தது. ஆபீஸ் வண்டி மேம்பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. எதிரே நாலு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. இப்போதைய ஹீரோ ஒருவர். தலையை அண்ணாந்திருக்கிறார், தொண்டையில் ரேசர், நுரை காற்றில் தெறிக்கிறது. என் மகனின் அதே இரும்பு ரேசர். வண்டி நகர்ந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இப்படி எவன் சிரைப்பான் என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

அவரைப் பற்றி இன்னும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் விளம்பரத்தில் நடித்த அந்தப் பழைய ஹீரோ, படப்பிடிப்பு நாளில் மேக்கப் அறைக்கு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நான் அழைத்துப் போனதால் நானும் அங்கே நின்றேன். தன் தோலுக்கு எந்த ரேசரும் ஒத்துக்கொள்வதில்லை, சிவந்து தடித்துவிடும், வீட்டில் மெஷின் வைத்துத்தான் எடுப்பது என்று ஹீரோ சிரித்துக்கொண்டே சொன்னார். உங்கள் கன்னத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றார். இவர் வாயில் இது போனால் நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கேட்டபோது, “அது அவர் கன்னம். அதுக்கு அவர் பதில் சொல்லுவார். என்னுதுக்கு நான்” என்றார். வம்பு பேசுகிறவர் இல்லை அவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று. அந்த ரேசருக்காக ஹீரோ ஒரு மாலுக்கு வந்தார். தள்ளுமுள்ளு. கல்லூரிப் பையன்கள் கூட்டம், எல்லார் கையிலும் இலவச ரேசர். மேடையில் பெரிய திரையில் அந்த உதறல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. சில பையன்கள் கீழே நின்று வெறுங்கையால் அதேபோலத் தொண்டையிலிருந்து இழுத்து உதறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை, அழைப்பு இல்லை. அந்தப் பையன்கள் நடுவில் நின்று ஒவ்வொருவன் கையாகப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். அப்படி இழுக்காதே தம்பி, அது என் கன்னம், அதில் பிளேடு இல்லை. பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பி, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, “சாச்சா, ரெண்டாவது கன்னத்தை எங்க விட்டீங்க?” என்று ஹிந்தியில் கேட்டான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. குழந்தை நகத்துக்கே பயப்படுகிறவர், அத்தனை கைகள் தன் கன்னத்தைத் தொட விட்டுக்கொண்டு நின்றார். காவலாளிகள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அதன்பிறகு எங்கள் பட்டியலில் ‘இடது கன்னம்’ வேறொருவர்.

கடைசியாக அவரைப் பார்த்தது செகந்திராபாத் ஸ்டேஷனில். நான் மதுரைக்குப் போக நின்றிருந்தேன், வயிற்றில் இந்தப் பையன். யாரோ தங்கச்சி என்று கூப்பிட்டார்கள். அடையாளமே தெரியவில்லை. மார்புவரை இல்லாவிட்டாலும், கழுத்தை மூடுகிற அளவு நரைத்த தாடி. “கன்னத்துக்கு லீவு உட்டாச்சு” என்றார். கையில் ஒரு மாம்பழம் இருந்தது, தோலோடு கடித்துத் தின்றுகொண்டிருந்தார், சாறு தாடியில் வழிந்தது. பிளாட்பாரத்து டிவியில் அந்த விளம்பரம் வந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைப் பார்க்க, இவர் குனிந்து, பாய்சாப், அந்தக் கன்னம் என்னுது என்று ஆரம்பித்தார். அந்த ஆள் டிவியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான். ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தார், போகிறவரின் முதுகைப் பார்த்து.

அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. படங்களில் அவர் பெயர் எங்கேயும் வராது, எனவே தேடவும் வழியில்லை.

மகனுக்குத் தையல் பிரித்து, காயம் ஆறிவிட்டது. தொண்டைக்குப் பக்கத்திலிருந்து முகவாய்க்கு ஒரு கோடு. அதன் மேல் முனையில் ஒரு சின்னக் கொக்கி, தூண்டில் முள்ளைப்போல வளைந்து. அந்த வளைவைத்தான் நான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கினால் அப்படி வருமோ. கடைசி நொடியில் மனசு மாறினால் அப்படி வருமோ.

போன ஞாயிற்றுக்கிழமை அரிசி டப்பாவின் பின்னாலிருந்து ரேசரை எடுத்தேன். பிளேடை எப்படிக் கழற்றுவது என்று மறந்துபோயிருந்தது. கைப்பிடியைத் திருகினால் தலை தனியாக வந்தது, பிளேடை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். திரும்ப மூடி அவனிடம் கொண்டுபோனேன். அன்றைக்கு எப்படிச் செய்தாய், செய்து காட்டு என்றேன்.

அவன் ரேசரையும் என்னையும் பார்த்தான். “நுவ்வு நம்மவு கதா” என்றான். நீ நம்பமாட்டாய், இல்லையா.

ரேசரின் தலையைத் திறந்தேன். இதில் பிளேடு இல்லை என்று மட்டும் காட்டினேன்.

நுரையைப் பூசிக்கொண்டான். கண்ணாடியைப் பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து மேல்கூரையைப் பார்த்தான். முகத்தில் ஒரு அலட்சியம் வந்தது, அவனுடையது இல்லை, பலகையில் பார்த்தது. தொண்டைக்குழியிலிருந்து முகவாய்வரை ஒரே இழுப்பு. முடிவில் மணிக்கட்டு ஒரு திருகுத் திருகி, உதறியது. நுரை கண்ணாடியில் தெறித்தது. ரேசர் அந்தத் தழும்பின் மேலேயே போயிருந்தது. திருகிய இடத்தில்தான் கொக்கி இருந்தது.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, அம்மா என்று அவன் பயந்துவிட்டான். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். ஈரக் கையோடு அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த உதறல் என் வீட்டுக்கு வந்திருந்தது.

“அந்த விளம்பரத்துல பிளேடு இருக்காதுடா” என்றேன். “படத்துல கழற்றிட்டுத்தான் எடுப்பாங்க. கன்னம்கூட அந்த ஹீரோவோடது இல்ல.”

“சீரியஸ்லி? எவரு செப்பாரு?”

“அந்தக் கன்னத்துக்காரரே சொன்னார்.”

“எப்புடு?”

“நீ பிறக்கறதுக்கு முன்னாடி. எல்லார்கிட்டேயும் சொன்னார். யாரும் கேக்கல.”

அவன் கண்ணாடியில் தெறித்த நுரையை விரலால் வழித்தான். வகுப்பில் எல்லாருக்கும் மீசை வந்துவிட்டதாம், தனக்கு மட்டும் பூனைமுடி என்று கேலி செய்கிறார்களாம், எடுத்தால் கெட்டியாக வளரும் என்றார்களாம். அப்பாவிடம் கேட்டிருக்கலாமே என்றேன். வீடியோ காலில் இதைக் கேட்பார்களா என்றான். இத்தனையும் தமிழில் சொன்னான். எனக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது. மார்க்கைப் பற்றியும் அவனே பேசினான், கொஞ்சம்.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டேன். கழற்றிய தாழ்ப்பாளையே திரும்பப் போடச் சொன்னேன். கைக்கு நிகாலே, கைக்கு லகாயே என்று அவர் முனகினார். ஏன் கழற்றினீர்கள், ஏன் மாட்டுகிறீர்கள். பழைய ஓட்டைகளிலேயே திருகாணிகள் உட்கார்ந்தன.

இன்று காலை அவன் குளிக்கப் போனான். வாளியை வெளியே எடுத்து வைத்தான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பாட்டு வரும் என்று நின்றேன். வரவில்லை. தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. நான் மடித்த துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.